வீட்டு முயலும் வீட்டுப் பொருளும்

வீட்டிலே முயல் வளர்ப்போர் பெரும்பாலும் இரண்டு பருவங்களைக் காண்பர். முதலாவது, குட்டி வந்து சேர்ந்த சில வாரங்கள். அது இரு கைகளுள் அடங்கும்; மூக்கை நெளித்து நெளித்து மணம் பிடிக்கும்; பிள்ளைகள் சுற்றியிருந்து அறுகம்புல் ஊட்டுவர்; அயலவர் வந்து பார்த்து வியந்து செல்வர். இரண்டாவது, அக்குட்டி நான்கு ஐந்து மாதம் நிறைந்து வளர்ந்தபின் வரும் பருவம். ஒருநாட் காலையிலே கதிரைக் காலிலே பல்லின் தடம் தெரியும். மறுநாள் பாயின் ஓரம் காணாமற் போகும். அடுத்த வாரம் மின்விசிறி சுழலாது. ஏனென்று பார்த்தால், அதன் வயர் கத்தியால் அரிந்தாற் போல இரண்டாகக் கிடக்கும்.

முயலின் வாழ்வு தீர்மானிக்கப்படுவது இந்த இரண்டாம் பருவத்திலேதான். பொறுமை இழந்த வீட்டார் சிலர் அதைக் கொல்லைப்புறத்து ஒடுங்கிய கூட்டிலே அடைத்துவிடுகின்றனர். சிலர் பிறருக்குக் கொடுத்துவிடுகின்றனர். சிலர் பற்றைக்குள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு, அது எப்படியோ பிழைத்துக்கொள்ளும் என்று தம் மனத்தைத் தாமே தேற்றிக்கொள்கின்றனர். நன்கு பேணப்படும் முயல் 8 முதல் 12 ஆண்டு வரை வாழக்கூடியது. அவ்வாழ்வு முதலாண்டிலேயே கெடுவதற்குப் பலவிடங்களிலே காரணமாக அமைவது ஒரு கதவு நிலையோ ஒரு துண்டு மின்கம்பியோ தான்.

இதனை முயலின் குறும்பு என்று கூறுவோர் பலர். வீட்டாரைப் பழிவாங்கவே அது கடிக்கின்றது என்று சொல்வோரும் உளர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவரைப் போன்றே, இவர்களும் தாம் கொண்ட கருத்தை எளிதில் விடமாட்டார். ஆயினும் உண்மை வேறு. முயல் தன் உடலமைப்பும் இயல்பும் ஏவுகின்ற தொழிலையே வீட்டினுள்ளும் செய்கின்றது. கடித்தலும், தோண்டுதலும், தன் எல்லையைக் குறித்துக் கொள்ளுதலும் அதற்கு உரிய தொழில்கள். அத்தொழில்களைச் செய்வதற்கு வேறிடமும் வேறுபொருளும் கொடுக்கப்படுமாயின் வீடு தப்பும். கொடாமலே தடுக்க முயன்றால் வீடும் கெடும், முயலும் கெடும்.

முயல் என்னும் பெயர் தமிழர்க்குப் புதியதன்று. சிங்கத்தைக் கிணற்றிலே பாயச்செய்த பஞ்சதந்திர முயலைப் பிள்ளைகள் அறிவர். ஆமையோடு ஓடித் தோற்ற ஈசாப்புக் கதை முயலையும் அறிவர். திங்களிலே தோன்றும் கறையை முயலென்று கண்டனர் முன்னோர். விருந்தினனுக்குத் தன் உடலையே உணவாக்கத் தீயிற் பாய்ந்த முயலின் கதை பௌத்த சாதகக் கதைகளிலே உண்டு. இம்முயல்கள் யாவும் காட்டு முயலின் சாயலிலே பிறந்தவை. இலங்கையின் பற்றைக் காடுகளிலும் புல்வெளிகளிலும் இன்றும் காணப்படும் கறுப்புப் பிடரி முயல் அவ்வினத்தைச் சேர்ந்தது. அது நிலத்தை ஆழத் தோண்டி வளை அமைப்பதில்லை. புற்பற்றையின் நடுவே, தன் உடல் அமரும் அளவான பள்ளத்திலே பதுங்கிக் கிடக்கும். பகை வந்தால் ஓடித் தப்பும். அதன் குட்டிகள் பிறக்கும்போதே உடலிலே மயிரும் திறந்த கண்களும் உடையன.

வீட்டிலே வளரும் முயல் இவ்வினத்தது அன்று. ஸ்பானியாவும் போர்த்துக்கலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பமே அதன் பழைய தாயகம். வெள்ளை, கறுப்பு, சாம்பல், கபிலம் எனப் பல நிறத்திலும் பல பருமனிலும் காணப்படும் வீட்டு முயல்கள் அனைத்தும் அங்கிருந்த ஒரே இனத்தின் வழித்தோன்றல்களே. ஆங்கிலத்திலே இவ்விரு விலங்குகளுக்கும் வெவ்வேறு பெயர்கள் உண்டு. தமிழிலே ஒரு பெயரே இரண்டையும் சுட்டுகின்றது. ஐபீரிய முயல் கூட்டமாய் வாழ்வது; நிலத்தின் கீழே கிளைகிளையாய் வளை தோண்டுவது; பகை வந்தால் வளையினுட் புகுந்து தப்புவது. அதன் குட்டிகள் மயிரின்றி, கண்திறவாது, வளையின் இருளிலே பிறப்பன. ஆகவே, அதற்கு வளை என்பது வாழ்வு. சீமெந்துத் தரையுள்ள வீட்டிலே பிறந்து வளர்ந்த முயலும் மெத்தையின் மூலையைப் பறிப்பதன் காரணம் இதுவே.

மனிதன் இவ்விலங்கைப் பழக்கியதனால் அதன் அச்சம் குறைந்தது. 2018ஆம் ஆண்டிலே வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, வீட்டு முயலின் மூளையிலே அச்சவுணர்ச்சியோடு தொடர்புடைய பகுதி, காட்டிலே வாழும் அதன் உறவு முயலினதைவிடச் சிறிதாயிருத்தலைக் காட்டிற்று. மனிதன் கைபட்டதனால் மாறியது இதுபோன்றவையே. பல்லும் நகமும் அவற்றின் தொழிலும் மாறவில்லை.

முதலிலே பல்லைப்பற்றி அறிதல் நன்று. முயலுக்கு 28 பற்கள் உண்டு. மேல்தாடையின் முன்புறத்திலே தெரியும் இரண்டு பெரிய பற்களுக்குப் பின்னே, வெளியே தெரியாதபடி இரண்டு சிறு பற்கள் மறைந்திருக்கின்றன. எலி, அணில் ஆகியவற்றுக்கு இவை இல்லை. நெடுங்காலம் முயலை எலியோடு ஒரே வரிசையில் வைத்திருந்த விலங்கியலார் 1912ஆம் ஆண்டிலே அதனைத் தனி வரிசையாகப் பிரித்தனர். ஆதலின் முயலை எலியின் உறவு என்று ஏசுவது விலங்கியலுக்குப் பொருந்தாது.

முயலின் பற்கள் அனைத்தும் அதன் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. முன்பல் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் வளர்கின்றது; ஆண்டொன்றுக்கு இது 10 சென்ரிமீற்றர் அளவிலே வரும். தேயாவிட்டால் பல் வளைந்து உதட்டிலும் அண்ணத்திலும் குத்தும். கடைவாய்ப்பற்கள் கூர்ந்து நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். அந்நிலையிலே முயல் உண்ண இயலாது மெலிந்து இறக்கும்.

பல்லைத் தேய்ப்பதற்காகவே முயல் கதிரைக் காலைக் கடிக்கின்றது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது பாதி உண்மையே. மரத்தைக் கொறிக்கும்போது முன்பல் மாத்திரமே தொழில் செய்கின்றது. கடைவாய்ப்பல்லைத் தேய்ப்பது புல்லே. புல்லிலே மணல்போன்ற சிலிக்கா கலந்துள்ளது. முயல் அதனைத் தாடையைப் பக்கவாட்டிலே அசைத்து அசைத்து நெடுநேரம் அரைக்கின்றது. காட்டிலே வாழும் முயல் தன் விழிப்பு நேரத்திற் பெரும் பகுதியை இவ்வாறே கழிக்கும். இதனையறியாத வீட்டார் கரட்டும் பாணும் பிஸ்கட்டும் கொடுக்கின்றனர். அவை சில நிமிடங்களிலே முடிந்துவிடும். வயிறு நிறையும், வாய்க்கு வேலை இராது. வேலையற்ற வாய் கதவு நிலையைத் தேடிச் செல்லும்.

எனவே, வீட்டுப் பொருளுக்கு முதற்காவல் புற்குவியலே. நாள்தோறும் முயலின் உடலளவு பருமனுள்ள புல்லாவது எப்போதும் அதன் முன்னே இருத்தல் வேண்டும். இலங்கையிலே கினிப்புல் எங்கும் கிடைக்கின்றது, அறுகு நன்று. பூச்சிமருந்து தெளித்த இடத்திலும், நாய்கள் திரியும் தெருவோரத்திலும் வெட்டாமல், நல்ல இடத்திலே வெட்டி, கழுவி நீர் வடித்துக் கொடுக்கலாம். நிழலிலே உலர்த்தி மழைநாளுக்குச் சேமித்தும் வைக்கலாம். வெட்டிக் குவித்த பச்சைப்புல் வெம்பிப் புளித்தால் அதனைக் கொடுத்தல் ஆகாது. வைக்கோல் படுக்கைக்கும் கடிப்பதற்கும் உதவும். சத்துக் குறைந்தமையால் புல்லுக்கு ஈடாகாது. கரட் பிள்ளைகளின் படப் புத்தகத்திலே முயலின் உணவாக வருகின்றது. உண்மையிலே அது சிறு துண்டாக, எப்போதாயினும் கொடுக்கத்தக்க இனிப்புப் பண்டம் போன்றதே.

இங்கே ஒரு குடும்பத்தை நேயர்கள் மனத்திலே கருதிப் பார்க்கலாம். கொழும்பிலே வாடகைக்கு எடுத்த சிறு வீடு. வீட்டுக்காரரிடம் கொடுத்த முற்பணம், வீட்டை விடும்போது கதவும் சுவரும் இருந்தபடி இருந்தாற்றான் திரும்பிவரும். பத்து வயது மகனின் முயல் குசினிக் கதவு நிலையை ஒரு சாண் நீளத்துக்கு அரித்துவிட்டது. தகப்பனார் அதனைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த முயலை ஞாயிற்றுக்கிழமைக்குள் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும்" என்கின்றார்.

"அப்பா, அது தெரியாமற் செய்தது."

"தெரியாமற் செய்தாலும் கதவு வீட்டுக்காரருடையது."

சிறுவனுக்கு மறுமொழி இல்லை. தகப்பனார் கூறுவதும் நியாயமே. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மம்மா சில நாளாக முயலைக் கவனித்து வந்தவர். அவர் மருமகனைப் பார்த்து, "தம்பி, ஆட்டுக்குக் குழை கட்டாமல் விட்டால் அது வேலியைத் தின்னாதோ? இந்த முயலுக்குக் காலையிலே ஒரு துண்டு பாண், பின்னேரம் ஒரு கரட். இடையிலே அது எதைத் தின்னும்?" என்று கேட்கின்றார். பேரனை அழைத்து, வயலுக்குப் போகும் வழியிலே புல் இல்லாவிட்டாலும் பள்ளிக்கூடத்து மைதானத்தின் ஓரத்திலே இருக்கும் என்று அனுப்புகின்றார். ஊரிலிருந்து பலாப்பழம் கொண்டுவந்த பனையோலைக் கடகத்தினுள்ளே வைக்கோலை அடைத்து முயலின் முன்னே வைக்கின்றார். அரித்த நிலையின்மேல் தகப்பனார் ஒரு பலகைத் துண்டைப் பொருத்துகின்றார். சில நாளிலே கடகத்தின் விளிம்பு நூல் நூலாகப் பிரிந்து கிடக்கின்றது; கதவு நிலை அப்படியே இருக்கின்றது.

இக்கற்பனைக் குடும்பத்திலே நிகழ்ந்தது மந்திரம் அன்று. கடிக்கத் தகாத பொருள் மறைக்கப்பட்டது. கடிக்கத் தகுந்த பொருள் அதே இடத்திலே வைக்கப்பட்டது. வயிற்றுக்கும் வாய்க்கும் வேண்டிய புல் கிடைத்தது. இம்மூன்றும் ஒருங்கே நிகழ்தல் வேண்டும். பலகையை மட்டும் அறைந்திருந்தால் முயல் அடுத்த கதவுக்குச் சென்றிருக்கும். கடகத்தை மட்டும் வைத்திருந்தால் இரண்டையும் கடித்திருக்கும்.

கடிப்பதற்குக் கொடுக்கும் பொருள்களிலே சாயமிடாத பனையோலைப் பெட்டி மிகச் சிறந்தது. கொய்யாக் கிளை, அச்சடிக்காத தடித்த காகித அட்டைப் பெட்டி ஆகியனவும் நல்லவை. பெட்டியிலே உள்ள கம்பி, ஒட்டுநாடா முதலியவற்றை முன்னரே அகற்ற வேண்டும். பழைய வர்ணம் பூசிய மரத்தைக் கடிக்க விடுதல் ஆபத்து. அவ்வர்ணத்திலே ஈயம் இருப்பின் முயலுக்கு நஞ்சாகும். பசை சேர்ந்த ஒட்டுப்பலகையும் ஏற்றதன்று. அரளியும், வீட்டினுள்ளே அழகுக்காக வளர்க்கும் மணி பிளான்ற் போன்ற செடிகளும் முயலின் வாய்க்கு எட்டா உயரத்திலே இருத்தல் வேண்டும். கதிரைக் காலிலே மிளகாய்த்தூள் பூசும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது முயலின் கண்ணையும் மூக்கையும் எரிக்கும். மேலும், அதே கதிரையிலே கைவைக்கும் குழந்தையின் கண்ணையும் எரிக்கும். மெல்லிய தகட்டையோ பலகையையோ காலின் அடிப்புறத்திலே ஓர் அடி உயரத்துக்குச் சுற்றிவிடுதல் அதனிலும் எளிது.

மரத்தினும் பெரிய ஆபத்து மின்கம்பி. நிலத்தின் கீழ் வளை தோண்டும்போது குறுக்கிடும் வேரை அறுத்து வழிசெய்யும் விலங்குக்குத் தரையிலே கிடக்கும் வயரும் வேரைப் போன்றதே போலும். இலங்கையின் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று அழுத்தமுடையது. அதனைக் கடித்த முயல் வாய் வெந்து அவ்விடத்திலேயே இறக்கலாம். அறுந்த வயரினால் வீட்டிலே தீயும் பற்றலாம். ஆகவே, இங்கே பழக்கி எடுப்போம் என்று காத்திருத்தல் கூடாது. வயர்களைத் தரையினின்று மூன்றடி உயரத்துக்கு ஏற்றி அறைதல் வேண்டும். ஏற்ற முடியாதவற்றைத் தடித்த பிளாஸ்ரிக் குழாயினுட் செலுத்தலாம். தோட்டத்துக்கு நீர் விடும் குழாயை நீளவாட்டிலே கீறி வயரின்மேற் பொதிந்துவிடுதல் செலவு குறைந்த வழி. ஒட்டுநாடாவைச் சுற்றுதல் பயன்படாது. அலுமாரிக்கும் சுவருக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய இடைவெளியைப் பலகையால் அடைத்துவிட வேண்டும். முயல் விரும்பிப் புகும் இடம் அதுவே. வயர்கள் மறைந்து கிடக்கும் இடமும் அதுவே. தொலைபேசிக்கு மின்னேற்றும் வயரை வேலை முடிந்ததும் சுருட்டி எடுத்து வைத்தல் வீட்டார் அனைவரும் பழகவேண்டிய ஒழுங்கு.

இனித் தோண்டுதல். தும்புக் கால்மிதி, பாய், மெத்தை, பூச்சாடி ஆகியன இதற்கு இலக்காகின்றன. பாயும் துணியும் கிழிவது வெறும் பொருள் நட்டம் மட்டுமன்று. முயலினால் வாந்தி எடுக்க இயலாது. விழுங்கிய நூலும் தும்பும் குடலை அடைத்துக்கொண்டால் உயிருக்கே கேடு வரும். ஆகவே, தும்புப் பாயையும் நூல் பிரியும் விரிப்பையும் முயல் உலாவும் அறையிலிருந்து அகற்றி விடுதல் நன்று. அதற்கு மாறாக, பழைய மரப்பெட்டியொன்றிலே அரைவாசிக்குச் சுத்தமான மணலோ மண்ணோ நிரப்பி விறாந்தையின் ஒரு மூலையிலே வைக்கலாம். மண் சிந்துவதை விரும்பாதவர் கிழித்த வெற்றுக் காகிதத்தையும் வைக்கோலையும் நிரப்பலாம். முற்றத்திலே விடுவோர் வேலியின் அடியிலே கம்பிவலையை ஒன்றரை அடி ஆழத்துக்குப் புதைத்தல் வேண்டும். இல்லையேல் முயல் ஒருநாள் அயல்வீட்டுக் கீரைப்பாத்தியிலே தலைகாட்டும். வேலியோரத்திலே உண்டாகும் வழக்குகளுக்குப் புதிதாக ஒன்று சேரும்.

மூன்றாவது, எல்லை குறித்தல். முயலின் மோவாயின் கீழே மணச்சுரப்பிகள் உண்டு. அது கதிரையிலும் பெட்டியிலும் மோவாயைத் தேய்த்து இது என்னுடையது என்று அறிவிக்கின்றது. அம்மணம் மனிதர் மூக்குக்குப் புலனாகாது. அதனாற் கேடும் இல்லை. சிறுநீராலும் பிழுக்கையாலும் எல்லை குறிப்பதே வீட்டாருக்குத் தொல்லை. ஆயினும் முயல் இயல்பிலே ஒரு மூலையைத் தெரிந்துகொண்டு அங்கேயே கழிக்கும் வழக்கமுடையது. அம்மூலையை வீட்டார் தீர்மானிக்க முயலாமல், முயல் தீர்மானித்த மூலையிலே ஒரு தட்டத்தை வைத்தல் அறிவுடைமை. தட்டத்திலே கிழித்த காகிதமும் வைக்கோலும் இட்டு, அதன் ஒரு பக்கத்திலே புல்லை வைத்தால், முயல் புல்லைத் தின்றுகொண்டே அங்கே கழிக்கும். வேறிடத்திலே விழுந்த பிழுக்கையைப் பொறுக்கித் தட்டத்திலே போட்டு வந்தால் சில வாரத்திலே பழக்கம் நிலைக்கும். முயலின் சிறுநீரிலே சுண்ணச்சத்து மிகுதியாதலால் தரையிலே வெண்மையான படிவு உண்டாகும். அது வினாகிரி தடவித் தேய்த்தால் நீங்கும். பிழுக்கை வீட்டுத்தோட்டத்துக்கு நல்ல பசளை.

நான்கு ஐந்து மாதத்திலே குழப்பம் மிகுவதற்குக் காரணம் பருவம் எய்துதலே. அப்போது ஆண் முயல் சிறுநீரைப் பீச்சும்; பெண் முயல் கூடு கட்டுவதற்காக ஓயாது தோண்டும். 4 முதல் 6 மாத வயதளவிலே மிருக வைத்தியரைக் கொண்டு கருத்தடைச் சிகிச்சை செய்வித்தால் இவை பெரிதும் தணியும். பெண் முயலுக்கு இச்சிகிச்சையால் மற்றொரு நன்மையும் உண்டு: வயது சென்ற பெண் முயல்களிடத்து மிகுதியாகக் காணப்படும் கருப்பைப் புற்றுநோய் தடுக்கப்படுகின்றது. முயலுக்கு மயக்கமருந்து கொடுத்தல் பழக்கம் வேண்டிய தொழிலாதலின், அதிலே தேர்ச்சியுள்ள வைத்தியரை முன்னரே விசாரித்துச் செல்லுதல் நன்று. ஆணும் பெண்ணுமாய் இரண்டை வளர்ப்போர் மற்றுமொன்றை நினைவிற் கொள்ள வேண்டும். முயலின் கருக்காலம் ஏறத்தாழ 31 நாள் மட்டுமே. ஈன்ற அன்றே மீண்டும் கருத்தரிக்கவும் கூடும்.

இவ்வளவும் செய்தபின்னும் முயல் சிலவேளை தவறும். அப்போது அதனை அடித்தல் கூடாது. அடி எதற்காக விழுந்தது என்பதை அது அறியாது. அடித்த கையைக் கண்டு அஞ்சுவது மட்டுமே அதற்குத் தெரியும். காதைப் பிடித்துத் தூக்குதலும் கொடுமை. அஞ்சித் துள்ளும் முயல் தன் பின்னங்காலின் வலிமையினாலேயே தன் முதுகெலும்பை முறித்துக்கொள்வதும் உண்டு. தகாத பொருளைக் கடிக்கும்போது, உறுதியான ஒரே சொல்லைச் சொல்லி, அதனை மெல்ல விலக்கி, கடிக்கத் தகுந்த பொருளின் அருகே விடுவதே முறை. இதிலே வீட்டார் ஒருமனப்பட்டிருத்தல் வேண்டும். தாய் தடுப்பதை மகன் அனுமதித்தால் முயல் எதனையும் கற்காது. பிள்ளைகளை வளர்க்கும் வீடுகளுக்கு இவ்வுண்மை புதியதன்று.

நேரமும் கவனிக்கத்தக்கது. முயல் விடியற்காலையிலும் மாலை மங்கும் பொழுதிலுமே மிகவும் சுறுசுறுப்பாயிருக்கும். வீட்டார் உறங்கும் விடியற்காலமே பொருள்கள் அழியும் காலம். ஆகவே, இரவிலே அதனை அடைப்பினுள் விடுதல் தகும். ஆனால் அவ்வடைப்பு அது பின்னங்காலிலே நிமிர்ந்து நிற்கவும் சில பாய்ச்சல் பாயவும் போதியதாய் இருத்தல் வேண்டும். கம்பிவலைத் தரை காற்புண்ணை உண்டாக்குமாதலால் அதன்மேற் பலகை இடவேண்டும். மாலையிலே பிள்ளைகள் பாடம் படிக்குமுன் சில மணிநேரம் முயலை வெளியே விட்டு உடனிருந்து பார்க்கலாம். நாள் முழுவதும் அடைபட்ட முயல் வெளிவந்தவுடன் செய்யும் அழிவு, நாள்தோறும் உலாவும் முயல் செய்வதிலும் அதிகம்.

முயலின் அமைதியை எப்போதும் நல்லொழுக்கமெனக் கொள்ளுதலும் தவறு. அதற்கு வியர்ப்பதில்லை; உடற்சூட்டைக் காதுகளின் வழியாகவே பெரும்பாலும் வெளிவிடுகின்றது. வெப்பம் 30 பாகை செல்சியசைக் கடக்கும் நாளிலே அது துவண்டு கிடக்கும், கவனியாவிட்டால் இறக்கும். யாழ்ப்பாணத்து வெயிலுக்கும் கொழும்பின் புழுக்கத்துக்கும் தகரக்கூரைக் கூடு ஏற்றதன்று. காற்றோட்டமுள்ள நிழலும், குளிர்ந்த சீமெந்துத் தரையும், எப்போதும் தண்ணீரும் வேண்டும். அரைநாளளவு உண்ணாமலும் பிழுக்கை இடாமலும் இருக்கும் முயலை அன்றே வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். கடிப்பதை முயல் திடீரென நிறுத்திவிட்டதாயின் மகிழுமுன் அதன் வாயையும் வயிற்றையும் பார்த்தல் தகும்.

வேண்டாத முயலை வெளியே விட்டுவிடலாம் என்பார்க்கு ஒரு வார்த்தை. வீட்டு முயல் தெருநாய்க்கும் கீரிக்கும் எளிதில் இரையாகும். இரையாகாமற் பெருகிய நாடுகளின் கதையோ வேறு. ரோமப் பேரரசர் ஒகஸ்தசின் காலத்திலே, பலேயாரிக் தீவு மக்கள் முயற்கூட்டத்தை அடக்கப் படையுதவி கேட்டனர் என்று பிளினி எழுதினார். 1859ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்திலே தோமஸ் ஒஸ்ரின் என்னும் நிலக்காரர் இங்கிலாந்திலிருந்து இரண்டு டசின் அளவான முயல்களை வருவித்தார். அவற்றின் வழித்தோன்றல்கள் கண்டத்தின் பெரும் பகுதியிலே பரவிப் புல்வெளிகளை மொட்டையாக்கின. மேற்கு அவுஸ்திரேலியாவிலே 1901க்கும் 1907க்கும் இடையே எழுப்பிய நெடுவேலிகளும் அவற்றைத் தடுத்து நிறுத்தவில்லை. 1950இலே ஒரு நோய்க்கிருமியைப் பரப்பியே அவற்றின் தொகையைக் குறைக்க நேர்ந்தது. பராமரிக்க முடியாத முயலை, அதனைப் பேணத்தக்க வேறொரு வீட்டைத் தேடிக் கண்டு ஒப்படைப்பதே கடமை.

ஆதலின், குட்டியை வாங்குமுன்னரே வீட்டார் ஒன்றுகூடி ஆராய வேண்டியவை சில உள. நாள்தோறும் புல் கொணர்பவர் யார்? வயர்களை உயர்த்துபவர் யார்? மாலையிலே உடனிருப்பவர் யார்? வைத்தியச் செலவுக்குப் பணம் உண்டா? பத்தாண்டு இதனைச் செய்ய இயலுமா? இவற்றிற்கு விடை இல்லையாயின் முயலை வாங்காது விடுதலே அதற்குச் செய்யும் நன்மை. விடை உண்டாயின் அவ்வீட்டிலே முயல் வாழலாம். கதிரையும் கதவும் தப்பலாம். ஏதோ ஒரு பாயின் ஓரம் போகத்தான் செய்யும். அதனைப் பொறுத்துக்கொள்ளும் வீட்டிலே வளரும் பிள்ளை, பேசாத உயிர் ஒன்று தவறு செய்யும்போது அதற்கு என்ன குறை என்று முதலிலே பார்க்கக் கற்றுக்கொள்ளும்.